ஆல்ப்ஸ் கணவாய்களின் வழியே காரில் ஒரு பயணம்: முழுமையான வழிகாட்டி

ஐரோப்பாவில் காரோட்டிச் செல்லும் விடுமுறையைத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் வரைபடத்தைத் திறந்து, நகரங்களுக்கு இடையிலான கிலோமீட்டர்களைக் கூட்டி, ஒரு நாளைக்கு 400 கி.மீ. என்று வகுத்துக்கொள்கிறார்கள். சமவெளியில் அந்தக் கணக்கு சரிதான். மலைக் கணவாய்களில் அது முதல் நாளே பொய்த்துவிடும். 120 கி.மீ. நீளமுள்ள ஒரு சுற்றுக்கு அங்கே ஒரு முழுப் பகல் தேவைப்படும். அதைவிடக் குறைந்த நேரத்தில் முடிப்பவர் பாதையைப் பார்த்திருப்பாரே தவிர மலையைப் பார்த்திருக்க மாட்டார். ஆகவே இந்த வழிகாட்டி தூரத்தை வைத்துத் திட்டமிடாமல் கணவாயை வைத்துத் திட்டமிடுகிறது. எந்தக் கணவாயை எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எந்தத் திசையிலிருந்து ஏறுவது என்று முதலில் முடிவு செய்துவிட்டால், விசா முதல் விடுதி வரை மற்றவை எல்லாம் அதன் பின்னால் வரிசையாக வந்து அமரும்.

எடுத்துக்காட்டாக நான் எடுத்துக்கொள்வது சூரிக்கில் தொடங்கி, நடு சுவிட்சர்லாந்து, இத்தாலியின் தெற்கு டிரோல், டோலமைட் மலைகள், பிறகு ஆஸ்திரியா ஆகியவற்றைக் கடந்து மீண்டும் சூரிக்கில் முடியும் ஒரு வட்டப் பாதை. மொத்தம் சுமார் 1,400 கி.மீ.; அதற்கு 10 இரவுகள். காரை ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் வாடகை நிறுவனங்கள் பெருந்தொகையைக் கூடுதலாகக் கேட்கும் என்பதால்தான் இதை வட்டமாக அமைத்திருக்கிறேன்.

முதல் படி: மாதத்தை முடிவு செய்தல்

உயரமான கணவாய்கள் ஆண்டின் பாதி நாட்கள் பனிக்குள் புதைந்து கிடக்கும். ஃபுர்கா (2,429 மீட்டர்), கிரிம்செல் (2,164 மீட்டர்), சுஸ்டன் (2,224 மீட்டர்) ஆகிய மூன்றும் வழக்கமாக மே இறுதியிலோ ஜூனிலோ திறக்கப்பட்டு, அக்டோபரிலோ நவம்பர் தொடக்கத்திலோ மூடப்படும். இத்தாலியின் ஸ்டெல்வியோவும் ஏறக்குறைய அப்படித்தான். திறக்கும் தேதி ஆண்டுதோறும் பனியின் அளவைப் பொறுத்து மாறும் என்பதால், மே மாத இறுதியில் பயணச்சீட்டு எடுப்பவர் சூதாடுகிறார் என்றே சொல்ல வேண்டும். யூலியர், ஓஃபன் போன்ற சில கணவாய்கள் குளிர்காலத்திலும் திறந்திருக்கும்; ஆனால் அவற்றுக்காக மட்டும் இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

ஜூன் பிற்பகுதியில் சாலையோரத்தில் பனிச்சுவர் நிற்கும், அருவிகள் நிறைந்து விழும். ஜூலையும் ஆகஸ்டும் ஐரோப்பியரின் விடுமுறைக் காலம். குறிப்பாக ஆகஸ்ட் 15 இத்தாலியில் பெருவிடுமுறை நாள் என்பதால் அதையொட்டிய வாரத்தில் டோலமைட் பகுதியில் விடுதியும் கிடைக்காது, வண்டி நிறுத்த இடமும் கிடைக்காது. என் தெரிவு செப்டம்பரின் முதல் மூன்று வாரங்கள். வானம் தெளிவாக இருக்கும், நெரிசல் தணிந்திருக்கும், மாலை ஏழு மணி வரை வெளிச்சமும் இருக்கும். ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: கோடை இறுதியில் ஸ்டெல்வியோ சாலையை ஒரு நாள் முழுவதும் மிதிவண்டிகளுக்கு மட்டும் ஒதுக்குவார்கள், டோலமைட் கணவாய்களிலும் இத்தகைய நாட்கள் உண்டு. அந்தத் தேதிகள் முன்கூட்டியே அறிவிக்கப்படும்.

எந்த மாதமானாலும் வார இறுதிகளில் கணவாய்களைத் தவிர்ப்பது நல்லது. சனி, ஞாயிறுகளில் மோட்டார் சைக்கிள்கள் கூட்டம் கூட்டமாக ஏறும். உங்கள் கால அட்டவணையில் உயரமான கணவாய்கள் திங்கள் முதல் வியாழனுக்குள் விழும்படி புறப்படும் நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: விசாவும் ஓட்டுநர் உரிமமும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஆஸ்திரியா மூன்றும் ஷெங்கன் பகுதியில் அடங்குவதால் ஒரே விசா போதும். எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். அதிக இரவுகள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். கீழே சொல்லப்போகும் பாதையில் சுவிட்சர்லாந்தில்தான் இரவுகள் அதிகம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் நேர்காணல் தேதி கிடைப்பது கடினம் என்பதால் அந்த வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை இந்தியாவில் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெறலாம். அது ஓராண்டுக்குச் செல்லும். இலங்கையில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிலோன் வழங்குகிறது. இந்த அனுமதி உங்கள் மூல உரிமத்தின் மொழிபெயர்ப்பு போன்றதுதான். மூல உரிமம் கையில் இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

மூன்றாம் படி: காரைத் தேர்ந்தெடுத்தல்

பெரிய வண்டி வசதியானது என்று நினைத்து எஸ்யூவி கேட்காதீர்கள். கணவாய்ச் சாலைகளில் எதிரே பேருந்து வரும்போது ஒவ்வொரு அங்குலமும் கணக்கில் வரும். இரண்டு பேருக்கும் நான்கு பேருக்கும் நடுத்தர ஹேட்ச்பேக் அல்லது சிறிய ஸ்டேஷன் வேகன் போதும். அதைவிட முக்கியம், ஆட்டோமேட்டிக் கியர் உள்ள வண்டியைக் கேளுங்கள். இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நாம் அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும். இத்தனை ஆண்டுகள் இடது கையால் மாற்றிய கியரை வலது கையால் மாற்ற வேண்டும். கொண்டை ஊசி வளைவின் நடுவில் கை பழக்கத்தில் கதவுப் பிடியைத் தேடும் அந்த ஒரு நொடி தேவையற்ற ஆபத்து.

வாடகை ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களைப் படித்துப் பாருங்கள். எந்தெந்த நாடுகளுக்கு வண்டியை எடுத்துச் செல்லலாம் என்பது ஒன்று. சில நிறுவனங்கள் விலையுயர்ந்த மாடல்களை இத்தாலிக்குக் கொண்டு செல்ல அனுமதிப்பதில்லை. விபத்தில் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு என்பது இரண்டாவது. டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை காப்பீட்டில் அடங்குமா என்பது மூன்றாவது; மலையில் அடிபடுபவை இவைதான். டெபாசிட்டுக்கு ஓட்டுநரின் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு வேண்டும் என்பார்கள். மனைவியின் அட்டையை நீட்டினால் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள்.

மின்கார் எடுப்பவர்களுக்கு ஒரு சொல். ஏற்றத்தில் மின்கலம் வேகமாக இறங்கும், இறக்கத்தில் கணிசமான பங்கு திரும்பி வரும். ஆனால் மின்கலம் நிறைந்திருந்தால் அந்த ஆற்றலை வாங்க அதில் இடமிருக்காது, வண்டியை மெதுவாக்கும் அந்த இழுவையும் குறைந்துவிடும். மலை உச்சியில் இருக்கும் விடுதியில் தங்கினால் இரவில் 100 விழுக்காடு ஏற்றாதீர்கள்.

நான்காம் படி: பாதையை வகுத்தல்

சூரிக்கில் இறங்கிய நாளில் காரை எடுக்காதீர்கள். இரவு விமானத்தின் தூக்கக் கலக்கத்தோடு முதன்முறையாக வலப்பக்கம் ஓட்டுவது சரியல்ல. அன்றிரவு நகரத்தில் தங்கி, மறுநாள் காலை வண்டியை எடுத்து ஆண்டர்மட் நோக்கிச் செல்லுங்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரம். பெரும்பகுதி நெடுஞ்சாலை என்பதால் கை பழகும். ஆண்டர்மட்டுக்குச் சற்று முன்னால் ஷோலனன் பள்ளத்தாக்கில் பிசாசுப் பாலம் இருக்கிறது. 1799இல் ரஷ்யப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதிய இடம். ஆண்டர்மட்டில் மூன்று இரவு தங்குங்கள். அதில் ஒன்று மழைக்கான இரவு. இந்த ஒரு நாளை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். மேகம் சூழ்ந்த கணவாயில் வண்டியின் முன்பகுதிக்கு அப்பால் எதுவும் தெரியாது, அதற்காக இவ்வளவு செலவு செய்து வரவில்லை.

தெளிவான நாளில் மூன்று கணவாய்ச் சுற்று: ஆண்டர்மட்டிலிருந்து மேற்கே ஃபுர்கா, கிளெட்ச்சில் இறங்கி வடக்கே கிரிம்செல், இன்னர்ட்கிர்ஹன் வரை இறங்கிக் கிழக்கே சுஸ்டன், வாசன் வழியாக மீண்டும் ஆண்டர்மட். இதே சுற்றை எதிர்த்திசையிலும் செய்யலாம். ஆனால் இப்படிச் சென்றால் காலையில் மேற்கு நோக்கியும் மாலையில் கிழக்கு நோக்கியும் ஓட்டுவீர்கள். இரு வேளையும் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். கண் கூசாது, எதிரே உள்ள மலையின் மீது முழு வெளிச்சமும் விழும். காலை எட்டு மணிக்குள் புறப்பட்டுவிடுங்கள்.

ஃபுர்காவின் மேற்குச் சரிவில், வளைவு ஒன்றின் முனையில், பெல்வெடேர் என்ற பழைய விடுதி மூடிய சன்னல்களோடு தனியாக நிற்கிறது. அதன் எதிரே இறங்கி ரோன் பனியாற்றைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பனியாறு கீழே கிளெட்ச் சமவெளி வரை இறங்கி வந்திருந்தது. அந்த விடுதியைக் கட்டியதே பனியாற்றைச் சன்னலிலிருந்து பார்ப்பதற்காகத்தான். இப்போது அது மேலே வெகுதூரம் பின்வாங்கி, வழுவழுப்பான வெறும் பாறையை விட்டுச் சென்றிருக்கிறது. கோடையில் உருகாமல் இருக்கப் பனியின் ஒரு பகுதியை வெள்ளைத் துணிப் போர்வைகளால் மூடிவைக்கிறார்கள். அருகில் சென்றால் அந்தத் துணி அழுக்கேறி, கிழிந்து, விளிம்புகளில் நீர் சொட்டிக்கொண்டிருப்பது தெரியும். நோயாளியின் கட்டிலருகே நிற்பது போன்ற உணர்வு எனக்கு அங்கே வந்தது. அரை மணி நேரமாவது அங்கே நில்லுங்கள்.

மழை நாள் வெளுத்துவிட்டால் அன்று கோட்ஹார்ட் கணவாயின் தென்சரிவில் உள்ள பழைய டிரெமோலா சாலைக்குச் செல்லுங்கள். 24 கொண்டை ஊசி வளைவுகள், கருங்கல் பாவிய தளம். ஈரமாக இருந்தால் வழுக்கும்; அப்போது பக்கத்திலுள்ள புதிய சாலையே உத்தமம்.

அடுத்த நாள் நீண்ட நாள். ஓபரால்ப், டிசென்டிஸ், துசிஸ், யூலியர் (2,284 மீட்டர்) வழியாக எங்கடின் பள்ளத்தாக்கில் இறங்கி, செர்னெஸ் சென்று, ஓஃபன் கணவாயைக் கடந்து சாந்தா மரியா என்ற சிற்றூரை அடைய வேண்டும். 250 கி.மீ. அளவில்தான் இருக்கும், ஆனால் எட்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஓஃபன் சாலை 1914இல் அமைக்கப்பட்ட சுவிஸ் தேசியப் பூங்காவின் ஊடாகச் செல்கிறது. சாந்தா மரியாவில் இரண்டு இரவு. அருகிலுள்ள முஸ்டைர் மடாலயம் உலகப் பாரம்பரியச் சின்னம். அதன் கரோலிங்கிய காலச் (எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டு) சுவரோவியங்களைப் பார்க்காமல் கடந்து போகிறவர்கள் பலர்.

ஸ்டெல்வியோவுக்கு இங்கிருந்து இரண்டு வழி உண்டு. உம்ப்ரைல் கணவாய் வழியாக ஏறி, ஸ்டெல்வியோவின் புகழ்பெற்ற 48 வளைவுகளில் இறங்குவது ஒன்று. பலரும் அதைத்தான் செய்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. எல்லையைக் கடந்து பிராத்தோ ஊருக்குச் சென்று, அங்கிருந்து 48 வளைவுகளிலும் ஏறி, உச்சியில் (2,757 மீட்டர்) இளைப்பாறி, உம்ப்ரைல் வழியாகச் சாந்தா மரியாவுக்கே இறங்குங்கள். ஏறும்போது பிரேக்குக்கு வேலையில்லை, குறுகிய சாலையில் முன்னுரிமையும் பெரும்பாலும் ஏறுகிறவருக்கே. ஒவ்வொரு வளைவிலும் எண் பலகை இருக்கிறது. கீழே 48இல் தொடங்கி எண் குறைந்துகொண்டே வரும். பின்னிருக்கையில் குழந்தைகள் இருந்தால் அவர்களே எண்ணிக்கொண்டு வருவார்கள். 1820 முதல் 1825 வரை ஆஸ்திரியப் பேரரசு, தன் கைக்கு வந்த லொம்பார்டியை மற்ற பகுதிகளோடு இணைப்பதற்காக, கார்லோ டோனேகானி என்ற பொறியாளரைக் கொண்டு அமைத்த சாலை இது. குதிரை வண்டிக்காக வகுத்த வளைவுகளில்தான் இன்றைய பேருந்துகள் திரும்புகின்றன. காலை ஏழரைக்குப் பிராத்தோவில் இருந்தால் சாலை உங்களுடையது. பதினொரு மணிக்குமேல் அது யாருடையதும் அல்ல.

பிறகு மெரானோ, போல்சானோ வழியாகக் கோர்வாரா. அங்கே இரண்டு இரவு. செல்லா மலைத் தொகுதியைச் சுற்றி வரும் கார்தேனா, செல்லா, போர்தோய், கம்போலோங்கோ என்ற நான்கு கணவாய்களும் சேர்ந்து 60 கி.மீ.க்குள் அடங்கிவிடும், மறுநாள் காலையில் தொடங்கி ஆங்காங்கே இறங்கி நடந்தால் ஒரு பகலுக்குச் சரியாக இருக்கும். அடுத்து ஃபால்சாரேகோ, கோர்த்தினா, லீன்ஸ் வழியாக ஆஸ்திரியாவின் ஹைலிகன்ப்ளூட்டில் ஓர் இரவு.

மறுநாள் குரோஸ்கிளாக்னர் உயர்மலைச் சாலை. பொறியாளர் ஃபிரான்ஸ் வாலக் வடிவமைத்து 1935 ஆகஸ்ட் 3 அன்று திறக்கப்பட்ட இது 48 கி.மீ. நீளமும் 36 கொண்டை ஊசி வளைவுகளும் உடையது. தொடக்கத்திலிருந்தே இதைக் காட்சிக்காகவே அமைத்திருக்கிறார்கள் என்பதால் அகலமானது, நிறுத்துமிடங்கள் நிறைய உண்டு. தனிச் சுங்கக் கட்டணம் 40 யூரோவுக்கு மேல். ஒரு நாள் முழுவதும் செல்லும் என்பதால் அவசரப்படத் தேவையில்லை. முதலில் ஃபிரான்ஸ் யோசஃப் மேட்டுக்குச் செல்லும் கிளைச் சாலையில் சென்று, 3,798 மீட்டர் உயரமுள்ள குரோஸ்கிளாக்னர் சிகரத்தையும் அதன் அடியில் சுருங்கிக்கொண்டிருக்கும் பாஸ்டெர்ஸ பனியாற்றையும் பாருங்கள். இரவில் இச்சாலை மூடப்படும். அன்று மாலை இன்ஸ்ப்ரூக் சென்று தங்கி, அடுத்த நாள் ஆர்ல்பெர்க் வழியாகச் சூரிக் திரும்பிவிடலாம்.

ஐந்தாம் படி: சுங்கம், எரிபொருள், அபராதம்

சுவிட்சர்லாந்தின் நெடுஞ்சாலைகளுக்கு 40 ஃபிராங்க் விலையில் ஆண்டு விக்னெட் (நெடுஞ்சாலைக் கட்டணம் செலுத்தியதற்கான வில்லை) வேண்டும். சூரிக்கில் எடுக்கும் வாடகைக் காரில் பெரும்பாலும் அது இருக்கும். ஆஸ்திரியாவின் விக்னெட்டை நீங்கள்தான் வாங்க வேண்டும். 10 நாள் விக்னெட் போதும், ஆனால் ஆர்ல்பெர்க் சுரங்கத்துக்குத் தனிக் கட்டணம். இத்தாலியில் விக்னெட் முறை இல்லை, நெடுஞ்சாலையில் ஓடிய தூரத்துக்குச் சாவடியில் பணம் கட்ட வேண்டும்.

பங்க்கில் பெயர்களைக் கவனியுங்கள். இத்தாலியில் ‘கசோலியோ’ என்பது டீசல். பிரான்சில் ‘கசோல்’ என்பதும் டீசல்தான். அமெரிக்கப் பேச்சில் ‘கேசலின்’ என்பது பெட்ரோல் என்று அறிந்தவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இத்தாலியில் பெட்ரோலின் பெயர் ‘பென்சீனா’, ஜெர்மன் பேசும் பகுதிகளில் ‘பென்சின்’. கணவாய் உச்சிகளில் பங்க் இருக்காது. கால் டாங்க்குக்குக் கீழே இறங்கவிடாதீர்கள்.

இத்தாலிய நகரங்களின் பழைய மையப் பகுதிகளுக்குள் அனுமதியில்லாத வண்டிகள் நுழையக்கூடாது. சிவப்பு வளையமிட்ட வெள்ளை வட்டப் பலகையும் அருகில் ஒரு கேமராவும் இருக்கும். தடுக்க ஆள் இருக்காது. விடுதியைத் தேடி அப்படி ஒரு தெருவுக்குள் இரண்டே நிமிடம் நுழைந்த எனக்கு, ஊர் திரும்பி நான்கு மாதம் கழித்து அபராதக் கடிதம் வந்தது. வாடகை நிறுவனம் என் முகவரியைக் கொடுத்ததற்கான கட்டணத்தை அதற்கு முன்பே அட்டையிலிருந்து எடுத்திருந்தது. வண்டியை வெளியே நிறுத்திவிட்டுப் பெட்டியை உருட்டிச் செல்லுங்கள். சுவிட்சர்லாந்தில் ஊருக்குள் 50, வெளியே 80, நெடுஞ்சாலையில் 120 கி.மீ. என்ற வேக வரம்புகளைச் சற்றுத் தாண்டினாலும் அபராதம் கடுமையாக இருக்கும். பகலிலும் விளக்கு எரிய வேண்டும்.

ஆறாம் படி: மலையில் ஓட்டும் முறை

புறப்படும் காலையில் கணவாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்; செப்டம்பரிலும் ஓர் இரவுப் பனி சாலையை மூடிவிடலாம். சாலை அடிவாரத்தில் ஒவ்வொரு கணவாயின் பெயரும் எழுதிய பலகை இருக்கும். பச்சை என்றால் திறந்திருக்கிறது, சிவப்பு என்றால் மூடியிருக்கிறது. ஃபுர்கா மூடியிருந்தால் ரியால்ப்புக்கும் ஓபர்வால்டுக்கும் இடையே காரை ரயிலில் ஏற்றி 15 கி.மீ. சுரங்கத்தின் வழியே கடந்துவிடலாம்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காதீர்கள். பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். கருகிய வாடை வந்தால் அது இறுதி எச்சரிக்கை, உடனே பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக்கிலும் கைமுறை நிலைக்கு மாற்றி இரண்டாம் கியரில் பிடித்துக்கொள்ள முடியும். பார்க்கிங்கிலேயே அதைப் பழகிக்கொள்ளுங்கள். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, மேலே நிமிர்ந்து பார்த்து, எதிரே பேருந்து வருகிறதா என்று அறிந்துகொள்ளுங்கள். பேருந்துக்கு வளைவின் முழு அகலமும் வேண்டும். நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு வரைந்திருந்தால் அது அஞ்சல் பேருந்துச் சாலை. மூன்று சுரத்தில் ஒலிக்கும் அதன் ஹாரனைக் கேட்டதும் ஒதுங்கி நின்று, ஓட்டுநர் கையைக் காட்டினால் அதன்படி செய்ய வேண்டும், பின்னால் போகச் சொன்னால் பின்னால் போக வேண்டும். உங்கள் பின்னால் மூன்று வண்டிகள் சேர்ந்துவிட்டால் அடுத்த விரிவில் ஒதுங்கி வழிவிடுங்கள். உங்கள் பதற்றமும் தணியும்.

1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். சூரிக்கில் 28 டிகிரி இருக்கும் நாளில் ஸ்டெல்வியோ உச்சியில் 13 டிகிரிதான், அதோடு காற்றும் அடிக்கும். கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் வைக்காமல் இருக்கையிலேயே வையுங்கள். அவசர உதவிக்கு எல்லா நாடுகளிலும் 112.

காரை எடுக்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் நான்கு பக்கமும் சக்கர விளிம்புகளையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். குறுகிய மலைச் சாலையின் ஓரக்கற்களில் உரசுவது வலப்பக்கச் சக்கரங்கள்தான். எரிபொருளை, காரைத் திருப்பிக் கொடுக்கும் நிலையத்துக்கு அருகிலேயே நிரப்பி, அந்த ரசீதை இறுதிக் கணக்கு வரும் வரை வைத்திருங்கள்.